கிரீன்ஹாமில் இப்போது வேலி இல்லை

நியூபரி, இங்கிலாந்து
ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு வேலை அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. அமெரிக்க அணுகுண்டைச் சுமக்கக்கூடிய 12 போர் விமானங்களை பிரிட்டன் வாங்கப் போகிறதே, அங்கே மக்கள் தெருவுக்கு வரவில்லையா என்று கேட்டீர்கள். இந்த ஊரில் நான் பார்த்தவரை ஒருவரும் வரவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் கூடத்தில் தொலைக்காட்சி அந்தச் செய்தியை வாசித்தது. அடுத்தது வானிலை. ஒரே ஒரு மூதாட்டி மட்டும், "மறுபடியுமா?" என்று உரக்கக் கேட்டார்.

அவர் கேட்டதில் வியப்பில்லை. ஊருக்கு வெளியே கிரீன்ஹாம் காமன் என்ற மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அன்று அது அமெரிக்க விமானப்படைத் தளம். அணுகுண்டு பொருத்திய 96 ஏவுகணைகளை அங்கே நிறுத்தப் போகிறார்கள் என்று அறிந்து, 1981 செப்டம்பரில் வேல்ஸின் கார்டிஃபிலிருந்து பெண்கள் நடந்தே வந்தார்கள், வாசலிலேயே தங்கிவிட்டார்கள். 1982 டிசம்பர் 12 அன்று சுமார் 30,000 பெண்கள் கைகோத்துத் தளத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் இந்த மூதாட்டியும் ஒருவர். கம்பிவேலியில் பிள்ளைகளின் உடைகளையும் படங்களையும் கட்டினார்களாம். கம்பளி நூலால் வலை பின்னி அதற்குள் உட்கார்ந்துகொள்வார்களாம். காவலர்கள் இழை இழையாகப் பிரித்துத்தான் தூக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் விரல்கள் போர்வை நுனியைப் பின்னத் தொடங்கிவிடுகின்றன. கூடாரம் போட அனுமதி இல்லாததால், வளைத்த கிளைகள் மீது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திப் பனியில் படுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பலர் அவர்களை வெறுத்தார்கள். அந்தப் பெண்களில் சிலர் சிறைக்கும் போனார்கள்.

ஏவுகணைகள் வந்தன. ஆனால் 1987இல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் 1991க்குள் திரும்பியும் போயின. அந்த வெற்றியோடு இயக்கமும் தளர்ந்தது என்றே நினைக்கிறேன். ஆபத்து தீர்ந்தது என்று மக்கள் நம்பினார்கள். முன்பு ஏவுகணை வண்டிகள் இந்தக் கிராமச் சாலைகளில் பயிற்சிக்குப் போகும். பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது. இன்று பிரிட்டனின் அணு ஆயுதங்கள் ஸ்காட்லாந்தில் ஃபாஸ்லேன் தளத்து நீர்மூழ்கிக் கப்பல்களில் இருக்கின்றன. 1969 முதல் எந்நேரமும் ஒரு கப்பலாவது கடலுக்கடியில் ரோந்தில் இருக்கிறது. கண்ணில் படாததை எதிர்த்து எந்த வாசலில் போய் உட்காருவது?

2019இல் அந்த ஒப்பந்தமே முறிந்தது. அமெரிக்கா விலகியது, ரஷ்யாவும் விலகியது. அத்தனை பெண்கள் பனியில் கிடந்து கேட்டது ஒரே கோடையில் இல்லாமல் போயிற்று. அதற்காக ஒரு பெரிய ஊர்வலம்கூட இல்லை. உலகில் இன்னும் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன, அப்பா. என்னோடு வேலை செய்யும் பெண் தினமும் காலையில் கிரீன்ஹாமில்தான் ஓடுகிறாள். வேலி போய்விட்டது, மாடுகளும் குதிரைகளும் மேய்கின்றன. ஏவுகணைகள் இருந்த கிடங்குகள் மட்டும் புல் மூடிய மேடுகளாகக் கம்பிக்குள் நிற்கின்றன. அவை என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. பள்ளியில் யாரும் சொல்லவில்லையாம். அவள் மீது எனக்குக் கோபமில்லை. சொல்லாமல் விட்டவர்கள் மீதுதான்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இந்த ஆகஸ்ட் 6 அன்று 80 ஆண்டு ஆகிறது. லண்டனில் டாவிஸ்டாக் சதுக்கத்தில் ஆண்டுதோறும் நினைவுக் கூட்டம் நடக்கிறது. காந்தி சிலையும், ஹிரோஷிமா நினைவாக 1967இல் நட்ட செர்ரி மரமும் அங்கே இருக்கின்றன. அன்றைக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன்; அந்தப் பெண்ணும் என்னோடு வருகிறாள். மூதாட்டியால் ரயிலேற முடியாது. எத்தனை பேர் வந்தார்கள், அதில் இளவயதினர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் எழுதுகிறேன்.

தம்பியின் தேர்வு முடிவு வந்ததும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்