புல்மேட்டில் குழி தோண்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரம் நடும் அன்பர்களே, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் வந்து, நீலகிரியில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற புல்மேட்டில் குழி தோண்டி, சில்வர் ஓக் நாற்று நட்டு, போட்டோ எடுத்து, பிரியாணியும் முடித்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். நல்ல மனசோடுதான் வந்தீர்கள், சரி. ஆனால் நட்ட இடம் தப்பு. தயவுசெய்து புல்வெளியில் மரம் நடாதீர்கள்.

"எருமை மேய்க்கிறவர்கள் தீ வைத்துத் தீ வைத்தே காடு மொட்டையாகிவிட்டது" என்று உங்களில் ஒருவர் மைக்கில் சொன்னார். அது சரியில்லை. ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லாவில் சதுப்பு மண்ணைத் தோண்டி, அந்தந்தக் காலத்தில் புல் அதிகமா மரம் அதிகமா என்று அதிலுள்ள கார்பனைச் சோதித்து, 1993-லேயே நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். சுமார் 20,000 வருஷத்துக்கு முன், பனியுகத்தில் பருவமழை குன்றியிருந்தபோதே இங்கே புல்தான் மேலோங்கி நின்றது. அப்புறம் மழை வலுத்தது, சுமார் 9,000 வருஷத்துக்கு முன் மரம் பெருகியது, மறுபடி வறண்டது, மறுபடி புல் ஏறியது. அந்தப் பனியுகத்தில் எருமை மேய்ப்பவர் யாரும் கிடையாது.

தீ வைத்தது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. இங்கே எருமை மேய்க்கும் பழங்குடியான தோடர்கள் முன்பெல்லாம் காய்ந்த புல்லைக் கொளுத்துவார்கள்; மேலே கருகும், வேர் பிழைக்கும், மழை விழுந்ததும் எருமைக்கு இளம்புல். திறந்த மேட்டில் முளைக்கிற நம்மூர்க் காட்டு மரக்கன்றைப் பெரும்பாலும் உறைபனியே கருக்கிவிடும். மடிப்பில் சோலைக்காடு, மேட்டில் புல் என்று மலை தானே பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் அதைத் தரிசு என்று எழுதி, சீகையையும் (வாட்டில் மரம்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து இறக்கினான். சீகை விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும், தீ பட்டால் கும்பலாக முளைக்கும். இன்றைக்குச் சீகை பரவிய இடத்தில் தீப்பிடித்தால் புல்லைவிடச் சீகைதான் முந்தி வரும்.

எங்கள் ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா கல்யாணமாகி வந்தபோது குடத்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் நிரம்பி வழியுமாம். எதிர்ச்சரிவு முழுக்கச் சீகை ஆன பிறகு, மார்ச் மாதம் கொட்டாங்குச்சியால் மொண்டு ஊற்றுகிறோம், ஒரு குடத்துக்கு அரை மணி நேரம், கலங்கிவிட்டால் தெளிகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். இது ஏதோ கிழவி கதை என்று நினைத்தால், இதே நீலகிரியில் க்ளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் வைத்து அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது: முதல் பத்து வருஷத்திலேயே ஓடை நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது.

நீங்கள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பதற்கு எங்கள் குடம்தான் கிடைத்ததா? ஒரு நாற்றுக்கு ஒரு சான்றிதழ் தருகிறீர்களாம். ஊற்று வற்றினால் அதற்கும் ஒன்று அடித்துக் கொடுங்கள், வீட்டில் மாட்டி வைக்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மரம் நடத்தான் வேண்டும் என்றால் சிதைந்த சோலை ஓரங்கள் நிறைய இருக்கின்றன, சோலை மர நாற்றோடு வாருங்கள், நாங்களும் மண்வெட்டி எடுத்து வருகிறோம். புல்வெளியில் மட்டும் வேண்டாம். நட்டதை அடுத்த ஞாயிறு நீங்களே வந்து பிடுங்கிவிடுங்கள், அன்றைக்கு டீயும் வர்க்கியும் எங்கள் செலவு.