நாய்க்கு எலிக்காய்ச்சல் என்றால் யாரிடம் சொல்வது?

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழையில் எங்கள் தெரு குளமான கதை உங்களுக்குத் தெரியும். அதை விடுங்கள், அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வளர்ப்பு நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தது. கண்ணெல்லாம் மஞ்சள். ரத்தம் எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் எலிக்காய்ச்சல் என்றார். அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி சிறுநீரகத்தில் தங்கிவிடும், நாய் தேறிய பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் வரலாம், கையுறை போடாமல் சுத்தம் செய்யாதீர்கள் என்று எச்சரித்தார். வீட்டுக்காரர்கள் உஷாரானார்கள்.

கார் நிறுத்துமிடத்தைக் கழுவும் அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. வெறுங்கால், இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. கிருமி நுழைய அது போதும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாகப் போனவருக்கு, மழைக்காலக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். வேலை செய்யும் இடத்தில் நாய் இருக்கிறதா, எலி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்தால் கேட்கக்கூடிய நோய் இது. காமாலை கண்ட பிறகுதான் அவருக்கு எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. பிழைத்துவிட்டார், போன கூலிதான் திரும்பவில்லை.

நாயிடமிருந்து தொற்றியதா, தேங்கிய தண்ணீரிலிருந்தா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்கள் விசாரிக்கவே இல்லையே! சுகாதாரப் பிரிவில் கேட்டால், நாய் என்றால் கால்நடைத் துறைக்குப் போங்கள் என்கிறார்கள். அங்கே போனால், மனிதருக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நாய்க்கு எலிக்காய்ச்சல் உறுதியானால், அந்தத் தகவல் அன்றே வார்டு சுகாதார அலுவலரிடம் போய்ச் சேர வழி செய்யுங்கள்.

நாய் உரிமத்துக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்கிறீர்கள், நல்லது. எலிக்காய்ச்சலுக்கும் ஆண்டுதோறும் போடும் ஊசி உண்டு. எல்லா வகைக் கிருமியையும் அது தடுக்காது, சரி. அதற்காகப் படிவத்தில் ஒரு வரிகூடவா இருக்கக்கூடாது? 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் டாக்ஸிசைக்ளினை முன்கூட்டியே விநியோகித்தார்கள். இங்கே அள்ளாத குப்பையில் எலிகளுக்கு விருந்து நடக்கிறது. வீட்டுவரி மட்டும்தான் அவை கட்டுவதில்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவர்களிடமிருந்து உங்கள் சுகாதாரப் பிரிவுக்குத் தகவல் வர ஒரு தொலைபேசி எண்ணாவது அடுத்த மழைக்குள் அறிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடியிருப்புவாசி