ஒரு ரூபாய் வெற்றிலை பாக்குக்கு வந்தவருக்கும், கூட நின்றவர்களுக்கும்

ஊர்க்காரர்களுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பையன்கள் தெருக்கூத்து ஆடிய பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரைக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்த நேரம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கு விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

எங்களுடையது அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. பாட்டுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. 2022-23இல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா வந்த பிறகும், போட்டிக்கு நாலு நாள் முன்னால் ஒரு சினிமாப் பாட்டுக்குப் பையன்களை ஆடப் பழக்கி அனுப்பிக்கொண்டிருந்தோம். போன ஜூனில் தலைமையாசிரியர் கேட்டார்: "செய்யாற்றுப் பக்கம் இருந்துகொண்டு கூத்துத் தெரியாத பையன்களை வெளியே அனுப்புறோமே, நமக்கே நல்லா இருக்கா?" கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊரான புரிசை எங்களுக்கு எட்டிய தூரம்தான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கூத்து வாத்தியாரைத் தேடிப் போனோம். தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வாத்தியார் என்றே எழுதுகிறேன். சம்பளம் பேசப் போனால், "கூத்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க" என்றார். தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்துக் கொடுத்தோம். அந்த ஒரு ரூபாய்தான் ஆண்டு முழுவதற்கும் அவர் வாங்கிய கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூத்துக்கு அழைப்பு இருக்காது. அந்த இரண்டு மாதமும் நாள் தவறாமல் வந்தார். மற்ற மாதங்களில் விடிய விடிய ஆடிவிட்டு, காதோரம் அரிதாரம் சரியாகப் போகாமல், மாலை நாலு மணிக்குச் சைக்கிளில் வந்து இறங்குவார்.

எடுத்துக்கொண்டது அபிமன்னன் சண்டை, பாரதப் போரில் அர்ச்சுனன் மகன் அபிமன்யு சாகிற கதை. கூத்து என்றதும் எல்லாரும் அபிமன்னன் வேஷத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். அவன் அம்மா சுபத்திரைக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். முதல் ஒத்திகையில் அவன் சேலை கட்டி வந்ததும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புக் கும்பல் விசிலடித்தது. நான் பிரம்பைத் தேடினேன் (பழைய ஆள்தானே). வாத்தியார் என்னைத் தடுத்துவிட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார். குடிநீர்த் தொட்டியிலிருந்து ஒரு குடம் நிரப்பி, விசிலடித்ததில் பெரியவன் இடுப்பில் வைத்து, "தண்ணி சிந்தாம அந்தக் கோடி வரைக்கும் நட" என்றார். பத்தடி போவதற்குள் அவன் கால்சட்டை நனைந்துவிட்டது. வாத்தியார் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்தார். அறுபது வயசு, லேசான தொப்பை, வேட்டி. அவர் நடந்தபோது எனக்கு ஒரு பெண் நடந்து போவதுதான் தெரிந்தது. "இருவது வருஷம் பொம்பள வேஷம் கட்டியிருக்கேன்" என்றார், அவ்வளவுதான். அந்தப் பெரியவன் அடுத்த வாரம் அபிமன்னன் மனைவி உத்தரை வேஷம் கேட்டு வந்து நின்றான்.

ஜனவரியில் அடுத்த சிக்கல். ஐந்து கட்டைச் சுருதியில், அதாவது நல்ல உச்சக் குரலில், கணீரென்று பாடிக்கொண்டிருந்த சுபத்திரைக்குத் தொண்டை உடைந்தது. மகரக்கட்டு என்பார்களே, அது. அந்தக் கால பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பையன்கள் பயந்து நடுங்கிய விஷயம் இது. குரல் போனால் வேஷமும் போகும். ஒரு ஸ்தாயி இறங்கி நிலைக்க மாதக்கணக்கில் ஆகும். ஆண்டு விழாவுக்கோ ஆறு வாரம். வேறு பையனைப் போடலாம் என்று சொன்னவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். வாத்தியார் சம்மதிக்கவில்லை. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக இறக்கிக்கொண்டே வந்து அவன் தொண்டை வலிக்காத இடத்தைக் கண்டுபிடித்தார். புலம்பலில் பாதியைப் பாட்டாக வைக்காமல் பேச்சாகவும் ஒப்பாரியாகவும் மாற்றினார். ஒப்பாரியை அவன் தன் ஆயாவிடம் கேட்டு வந்தான். அந்த ஆயாவுக்கும் நன்றி; எழவு வீட்டுக்கு வெளியே ஒப்பாரி பாடக் கூடாது என்று முதலில் மறுத்தவர், பேரனுக்காகக் கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

விழாவன்று "என் மகனே" என்று எடுத்தான், குரல் இரண்டாகப் பிளந்தது. பக்கவாட்டில் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. வாத்தியார் தாளத்தை நிறுத்தவே இல்லை. "உடையட்டும் சார். புள்ளையப் பறிகொடுத்தவளுக்குத் தொண்டை உடையாம வேற என்ன ஆகும்?" என்றார். முன்வரிசையில் பூக்கடை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்மோனியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோர் ரூமில் கிடந்த அதன் துருத்தியை எலி கடித்திருந்தது. சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் தோலை வாங்கி வந்து தானே ஒட்டினார். அதோடு போகாமல் சனிக்கிழமைதோறும் தூக்கக் கண்ணோடு வந்து பன்னிரண்டு பையன்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். தாளம் கணக்கு சாரின் பொறுப்பு. மூன்றும் நாலும் ஏழு, அதுதான் மிஸ்ர சாபு தாளம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். கணக்கில் பெயிலாகும் பையன்கள் மத்தளத்தில் அந்த ஏழைத் தவறாமல் எண்ணியதைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் கோபம்.

கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் செய்யக் கல்யாண முருங்கை மரம் கொடுத்தவர் ஏரிக்கரைத் தாத்தா. கனமே இல்லாத மரம், ஆறாம் வகுப்புப் பையன்கூடத் தலையில் தாங்கலாம். சுருதிக்கும் கட்டை, ஆர்மோனியத்தில் அழுத்துவதும் கட்டை, தோளில் கட்டுவதும் கட்டை. எந்தக் கட்டையைச் சொல்கிறார் வாத்தியார் என்று புரியாமல் முதல் மாதம் பையன்கள் விழித்தார்கள். கண்ணாடிச் சில்லு ஒட்டியதும் காக்காப் பொன் ஒட்டியதும் ஏழாம் வகுப்பு.

ஒத்திகை நாட்களில் பொறையும் டீயும் அனுப்பிய வாசல் டீக்கடை அண்ணன் இதுவரை கணக்கு நோட்டைக் காட்டவில்லை. பிளஸ் டூ படிக்கிற மகனை ஆடவிட்டதாகச் சண்டைக்கு வந்த ஒரு அப்பா, ஒத்திகை முடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அப்புறம் வேஷப் பெட்டிகளை ஏற்றி இறக்கியது அவருடைய குட்டி யானைதான், டீசல் காசு வாங்காமல். ஓர் அலுவலகத்தில் எங்கள் அனுமதிக் கடிதம் மூன்று மாதம் தூங்கியது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கலைத் திருவிழாவில் வட்டார அளவோடு நின்றுவிட்டோம். விடிய விடிய ஆடுவதைச் சில நிமிடங்களில் அடக்கினால் கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பையன்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள்.

சுபத்திரைக்கு இப்போது குரல் ஒன்றரைக் கட்டையில் நிற்கிறது. அடுத்த ஆண்டு துரியோதனன் வேஷம்தான் வேண்டும் என்று என் பின்னாலேயே சுற்றுகிறான். வாத்தியாருக்கு ஆடி வரைக்கும் கூத்து இருக்கிறதாம். தட்டும் வெற்றிலையும் தயாராக இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

அன்புடன்,
தமிழாசிரியர், இலக்கிய மன்றப் பொறுப்பாளர்

பி.கு.: வேஷத்துக்கு இரவல் வாங்கிய பதினோரு சேலைகளில் பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பச்சைக் கரை போட்ட மாம்பழக் கலர் சேலை ஒன்று ஸ்டாஃப் ரூம் பீரோவில் இருக்கிறது. துவைத்துத்தான் வைத்திருக்கிறோம், தோளில் மட்டும் கொஞ்சம் அரிதாரம் போகவில்லை. யாருடையதோ, மன்னித்து வாங்கிக்கொள்ளுங்கள்.