மலையகப் பிள்ளைகளுக்கும் இந்தத் தொழில் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழின் தொழில் வழிகாட்டிப் பக்கத்தில் விலங்கியலாளராகவும் வனவிலங்குப் படப்பிடிப்பாளராகவும் வேலை செய்வது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை, படங்களும் அருமை. ஆனால் வாசித்து முடித்தபோது யால, வில்பத்து வனவிலங்குப் பூங்காக்கள், ஜீப், பெரிய லென்ஸ் இவைதான் மனதில் நின்றன. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். அந்தப் பக்கத்தை வகுப்பில் காட்டியதும் ஒரு பிள்ளை, "டீச்சர், இதெல்லாம் கொழும்புக்காரங்களுக்கு" என்றது. மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் என்னை எழுத வைத்தது.

இந்தத் தொழிலில் படம் எடுப்பது பாதி வேலைகூட இல்லை என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம். சிறுத்தையை ஆய்வு செய்கிறவர்கள் அதன் பின்னால் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அது நடமாடுகிற ஒற்றையடிப் பாதையில் எதிரெதிராக இரண்டு தானியங்கிக் கமராக்களைத் தாழ்வாகக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். சூடான உடம்பு ஒன்று முன்னால் அசைந்ததும் கமரா தானாகவே படம் எடுத்துவிடும். ஏன் இரண்டு என்றால், சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒரே மாதிரி இருக்காது; ஒரு படத்தில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் மட்டும் கிடைத்தால் ஒரே மிருகத்தை இரண்டு என்று எண்ணிவிடுவோம். கருஞ்சிறுத்தைக்கும் புள்ளி உண்டு, இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது தெரியும். அப்புறம் குவிந்து கிடக்கும் படங்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இது பழைய ஆள், இது புதுசு என்று பிரிக்க வேண்டும். அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோரின் குழு இந்த முறையில்தான் மலைநாட்டுச் சிறுத்தைகளை, பொகவந்தலாவைத் தோட்டங்களை ஒட்டிய காடுகள் உட்பட, ஆய்வு செய்து வருகிறது.

அந்தக் கமராவை எந்தப் பாதையில் கட்டுவது என்று சொல்ல ஆள் வேண்டுமே! எந்த ஆற்றோரமாகச் சிறுத்தை இறங்குகிறது, எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) போன மாதம் நாய் காணாமல் போனது என்பதெல்லாம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாவுக்குத் தெரியும், வடிகான் வெட்டுகிற அப்பாவுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் மாதக்கணக்கில் நடந்து தெரிந்துகொள்ள வேண்டியதை எங்கள் பிள்ளைகள் சோறு தின்னும்போதே காதில் வாங்கி வளர்கிறார்கள். அதை அறிவு என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பன்றிக்கு வைத்த கம்பி கழுத்தை இறுக்கி, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் அது செத்துப்போனது. செய்தி உலகம் முழுக்கப் போனது, நாடே வருத்தப்பட்டது, கம்பி வைப்பது மட்டும் நிற்கவில்லை. மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் புரட்டிப்போட்ட குடும்பத்திடம் கம்பி வைக்காதே என்று வெறுமனே சொன்னால் எடுபடாது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்களுடைய பேச்சிலேயே பேசி, பன்றியைத் தடுக்க வேறு வழி காட்டக்கூடிய விலங்கியல் படித்த ஒருவர் வேண்டும். அவர் எங்கள் லயங்களிலிருந்தே வரலாம் என்பதுதான் என் ஆசை.

குளவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை தடவை போட்டிருக்கிறீர்கள், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது, வைத்தியசாலையில் அனுமதி, சில வேளை மரணம். செய்தி அதோடு முடிந்துவிடுகிறது. எந்த இனம் கொட்டியது, கூடு எங்கே இருந்தது, எப்போது வந்தது என்று யாரும் கேட்பதில்லை. குளவி என்று சொன்னாலும், எங்கள் பக்கத்தில் பல தடவை கொட்டுவது பெரிய மரங்களிலும் பாறைகளிலும் திறந்த அடையைத் தொங்கவிடும் பெருந்தேனீ. அது பருவம் மாறும்போது தாழ்நிலத்துக்கும் மலைக்கும் இடையில் இடம்பெயர்கிறது, முன்பு இருந்த அதே மரத்துக்குத் திரும்பியும் வருகிறது. அப்படியானால், தோட்டத்தின் ஒரு டிவிஷனில் எந்த மரத்தில் எந்த மாதம் கூடு வருகிறது, எப்போது கிளம்புகிறது என்று இரண்டு மூன்று வருடம் தேதியோடு படம் எடுத்து வைத்தால், அந்த நாட்களில் அந்த மலைக்கு ஆள் அனுப்பாமல் இருக்கலாமே. கைத்தொலைபேசி போதும், பாதுகாப்பான தூரத்திலிருந்தே எடுக்கலாம். விலங்கியல் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்கிற முதல் பதில் இதுதான்.

இந்த மலைகளின் பிராணிகளைப் பற்றி எழுதிய பழைய ஆட்களில் தோட்டத்துரைமார் பலர். காட்டு ஓடைகளில் வாழும் சீகாரப் பூங்குருவி, இலங்கையில் மட்டும் இருப்பது, அப்புத்தளைப் பக்கத்துக் கோப்பித் தோட்டக்காரர் சாமுவேல் பிளை என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் வெளிவந்த பெரிய நூலை எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் ஒரு தேயிலைத் துரை. அவர்களுக்கு இடம் காட்டியவர்களும் தூக்கிச் சுமந்தவர்களும் யாராக இருந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நம்முடைய ஆட்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்றும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கை 1939க்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் யாரும் காணவில்லை, அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 2002இல் ஒரு தடவை கண்ணில் பட்டது. லண்டன் விலங்கியல் சங்கத்தினரும் நமது திறந்த பல்கலைக்கழகத்தினரும் இரவு இரவாகத் தேடி எடுத்த அதன் முதல் படங்கள் 2010இல்தான் வெளியாகின. இது நடந்தது நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில். தவளைகளும் அப்படியே. நாற்பது சொச்ச இனம்தான் என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்டில் இன்று நூற்றுக்கு மேல். அந்த வேலையில் முன்னின்ற ரொஹான் பெத்தியகொட படித்தது பொறியியல். 2022இல் அவருக்கு உயிரியலாளர்களுக்கு வழங்கும் லின்னேயன் பதக்கம் கிடைத்தது. தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணன் (1912–1996) விலங்கியல் பட்டதாரி அல்ல, ஆனால் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, 1950 முதல் சாகும்வரை பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார்.

இப்படிச் சிலர் பட்டம் இல்லாமல் சாதித்தார்கள் என்பதற்காக எங்கள் பிள்ளைகளிடம் படிக்காமல் போ என்று சொல்ல முடியாது. கையில் காசு இல்லாதவனுக்குப் பட்டம்தான் பிடிமானம். உயர்தரத்தில் பயோ (உயிரியல் பிரிவு) எடுத்த பிள்ளைக்கு மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) போதாவிட்டால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றாம் தடவையும் எழுது என்கிறார்கள். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்கு எனப் பல பல்கலைக்கழகங்களில் விலங்கியல் துறை இருக்கிறது, நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. இதை யாராவது பெற்றோரை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதையும், வனஜீவராசிகள் திணைக்களத்தில் வேலைக்குப் போனால் சிங்களம் இல்லாமல் நகர முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே சொன்னால் தயாராவதற்கு நேரம் இருக்கும்.

சம்பளத்தைப் பற்றியும் நேராகவே பேசுவோம். படம் விற்று மட்டும் வாழ்கிறவர்கள் மிகக் குறைவு. திணைக்களம், பல்கலைக்கழகம், ஆய்வுத் திட்டங்களில் உதவியாளர், பெரிய கட்டுமானங்களுக்கு முன் செய்கிற சுற்றாடல் தாக்க மதிப்பீடு, ஹோட்டல்களில் இயற்கை வழிகாட்டி என்று பல வாசல்கள் உண்டு. சில வேலைகள் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். லென்ஸ் விலையோ கேட்கவே வேண்டாம். நாட்கூலியை 1000 ரூபாயாக்க 2021வரை போராடிய குடும்பங்கள் இவை, அடுத்த வருடமே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறி, வெளிநாட்டிலிருந்து வருகிற லென்ஸ் இன்னும் எட்டாமல் போனது. அதனால் நான் பிள்ளைகளிடம் லென்ஸைப் பற்றிப் பேசுவதில்லை, குறிப்பு எழுதும் கொப்பியைப் பற்றித்தான் பேசுகிறேன். ஹக்கலைப் பக்கம் மாமா வீட்டு வேலியில் ஒரு மாணவி போனில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு ஓர் ஆண் ஓணான், பாசி படிந்த கிளையைக் கட்டிப்பிடித்தபடி. படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் தேதி, நேரம், இடம், என்ன மரம், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எல்லாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். கொம்பு ஓணான் வகையில் எதுவும் இலங்கைக்கு வெளியே கிடையாது. அந்தக் குறிப்போடு சேரும்போது மங்கலான படமும் ஆய்வுக்கு உதவும், குறிப்பில்லாத அழகான படம் சுவரில் மாட்டத்தான். (கமரா இருப்பவர்களுக்கு ஒன்று: நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்துவிடும், இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.)

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு அரைப்பக்கமாவது தோட்டப் பிள்ளைகள் எடுத்த பிராணிப் படங்களுக்கும் குறிப்புகளுக்கும் ஒதுக்குங்கள். கூடு, குட்டி இருக்கிற இடத்தின் பெயரை மட்டும் அச்சிட வேண்டாம், கம்பி வைக்கிறவனும் பத்திரிகை வாசிப்பான். பிராணியின் பெயரைச் சரிபார்க்க யாழ்ப்பாணம், பேராதனை விலங்கியல் துறைகளில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். வனஜீவராசிகள் திணைக்களம் ஆள் எடுக்கும்போது அந்த அறிவித்தலைத் தமிழில், விண்ணப்பத் திகதி முடிவதற்கு முன்பே, பெரிதாகப் போடுங்கள். முதல் மாதத்துக்கான படங்களை எங்கள் பாடசாலையிலிருந்து நானே சேர்த்து, பெற்றோரின் சம்மதத்தோடு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்