உட்கார்ந்தபடி அளவெடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, மேலே கவுன், கீழே கறுப்பு பேண்ட். வக்கீலாகப் பதிவு செய்த பெண்கள் பலரிடமும் இருக்கிற அதே செட்தான் என்னிடமும் இருக்கிறது, ஆனால் என்னுடையது வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கென்றே வெட்டித் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வாசலில் எடுத்த போட்டோ சுற்ற ஆரம்பித்ததில் இருந்து, எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு ஆச்சு என்று ஒரே விசாரிப்பு. தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை. வாங்கவில்லை, தைத்தது. தைத்தவர்களும் உதவியவர்களும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் உறவுமுறை சொல்லியே நன்றி சொல்கிறேன், அவரவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காக: சட்டக் கல்லூரியில் படிக்கும்போது நடந்த விபத்தில் முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. முதுகெலும்பும் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அதனால் வலது தோள் இடது தோளை விட இறங்கியிருக்கும். இந்த உடம்புக்கு ரெடிமேட் கோட்டு போட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். முன்பக்கத் துணி மடியில் சுருண்டு வயிற்றுக்கு மேல் மூட்டையாக நிற்கும், காலர் பின்கழுத்தில் எழும்பிக் காதைத் தொடும், சக்கரத்தைத் தள்ளக் கையை முன்னால் நீட்டினால் அக்குளில் தையல் விடும். கோட்டின் பின்வால் இடுப்புக்கு அடியில் மாட்டிக் கசங்கிக் கிடப்பது எனக்குத் தெரியவே தெரியாது, மாலையில் அம்மா பார்த்து, சிவந்திருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். உணர்ச்சி இல்லாத இடத்தில் அந்தச் சிவப்பு, படுக்கைப் புண்ணின் ஆரம்பம். ஒரு பெரிய தையற்கடையில், எழுந்து நின்றால்தான் கோட்டுக்கு அளவெடுக்க முடியும் என்றார்கள். சரி, வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மாஸ்டர், முதல் நன்றி உங்களுக்கு. உங்கள் அப்பா காலத்தில் இருந்து மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்ட குடும்பம், இப்போது கடை குன்னத்தூர் சத்திரத்தில். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கு வெல்வெட்டில் தைத்துத் தைத்து, தொப்பையோ கூனோ ஒட்டி உலர்ந்த உடம்போ, எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம் உங்களுக்கு இருக்கிறது. போனில் விஷயத்தைச் சொன்னதும், “நீ எதுக்கும்மா அலையுற, ஞாயித்துக்கிழமை நானே வாறேன்” என்றீர்கள். வந்தவர் டேப்பை எடுப்பீர்கள் என்று பார்த்தால் எடுக்கவில்லை. “முத்தத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வண்டியத் தள்ளு, பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் தோள்பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் உங்கள் பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நீங்களே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத சக்கரத்தைத் தள்ளித் தள்ளி எங்கே இழுக்கிறது என்று பார்த்தீர்கள். அம்மா உள்ளே போய்ச் சிரித்தார்கள், அது உங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் யாரும் எடுக்காத அளவுகள். பின்கழுத்தில் இருந்து சீட் குஷன் வரை. தோளில் இருந்து மடி வரை, இடது தோளுக்கு ஒன்று, வலது தோளுக்கு ஒன்று. கை சக்கரத்தின் மேல் இருக்கும்போது கழுத்தில் இருந்து மணிக்கட்டு வரை. உட்கார்ந்திருக்கும்போது இடுப்புச் சுற்றளவு, அது படுத்திருக்கும்போது எடுப்பதை விடக் கூடுதலாகத்தான் வரும். சாதாரணமாகத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு முன்பாகத்தையும் எடுத்துவிடுவார்கள், எனக்கு அது முடியாது என்று இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக பிரவுன் காகிதத்தில் வரைந்து வெட்டினீர்கள். இறங்கிய தோளுக்குள் மட்டும் கனமான பேட் வைத்தீர்கள். கோட்டின் முன்பக்கம் மடியோடு நிற்கும்படியும், பின்பக்கம் குஷனைத் தொடாத உயரத்திலும் குறைத்தீர்கள். முதுகில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் மடிப்பு விட்டு, கை முன்னால் போகும்போது அது விரியவும் கை திரும்பும்போது மூடவும் வைத்தீர்கள். கைப்பட்டியில் சக்கரத்தில் உரசுகிற பக்கமாக கறுப்பு ரெக்சின் துண்டு ஒன்றை ஒட்டித் தைத்தீர்கள், சக்கரத்து அழுக்கு பட்டால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். அது உங்கள் சொந்த யோசனை, எங்கேயும் பார்த்துச் செய்ததில்லை. யாராவது காப்பியடித்தால் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னதற்கு, “அடிச்சிட்டுப் போறான், நல்லதுதான” என்று சொன்ன ஆள் நீங்கள்.

மாஸ்டர் வீட்டு அக்காவுக்கு அடுத்த நன்றி. பேண்ட் விஷயத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டு வருகிற பெண்கள் பாதிப் பேருக்கு இதுதான் வேண்டும், அதனால் எழுதுகிறேன். நான் கட்டிலில் படுத்தபடி இப்படியும் அப்படியும் புரண்டுதான் பேண்ட் போட முடியும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும், நீதிமன்றக் கழிப்பறையில் முழு பேண்ட்டையும் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் வழக்கைக் கூப்பிட்டு முடித்துவிடுவார்கள். இதையெல்லாம் ஆண் டெய்லரிடம் நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து, அக்கா நீங்கள் கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். அதில் இருந்து வந்ததுதான் இரண்டு பக்கமும் இடுப்பில் இருந்து தொடை வரை ஜிப், முன்னால் அடிவரை போகும் இன்னொரு ஜிப், விரல் மாட்ட ஒரு வளையம். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் இறங்கிய இடுப்புப் பட்டி, உட்கார்ந்தால் பின்னால் வழியாது, முன்னால் வயிற்றில் குத்தாது. நீளம் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல், உட்காரும்போது கால் தெரியாமல் இருக்க. பின்பாக்கெட் கிடையாது, உட்காரும் இடத்தில் கனத்த தையல் கிடையாது. “துணியத் தடவிப் பாத்தா கைக்கு எதுவும் தட்டுப்படக் கூடாது, அப்பதான் விடுவேன்” என்று மாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்துப் பிரிக்க வைத்தீர்கள், அந்தச் சண்டை எங்கள் வீட்டு வாசல் வரை கேட்டது!

என் சீனியர் மேடத்துக்கு. கவுன் பின்னால் நீளமாகத் தொங்கிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்கிறது, குட்டையாக வெட்டினால் ஏதாவது சொல்வார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, நீங்கள் வக்கீல்கள் உடைக்கான பார் கவுன்சில் விதியை எடுத்து மேஜை மேல் வைத்துப் படித்துக் காட்டினீர்கள். உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும்தான் கவுன் கட்டாயம், மற்ற நீதிமன்றங்களில் அவரவர் விருப்பம், கோடையில் அந்த இரண்டு இடம் தவிர மற்ற இடங்களில் கோட்டும் கட்டாயமில்லை. கவுன் போட வேண்டும் என்று இருக்கிறதே தவிர இத்தனை அங்குலம் என்று எங்கே இருக்கிறது காட்டு என்று கேட்டீர்கள். அன்றைக்கே மாஸ்டருக்குப் போன் பண்ணினேன். இப்போது என் கவுன் பின்னால் குஷன் உயரத்தோடு நிற்கிறது, முன்னால் முழங்கால் வரை வருகிறது, எதிரே இருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. சேலை கட்டினால்தான் மரியாதை என்று நினைக்கிற சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு விதியில் சுடிதார் குர்தாவும் சல்வார் குர்தாவும், துப்பட்டாவோடும் துப்பட்டா இல்லாமலும், எழுதியே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். துப்பட்டா சக்கரத்துக்கு எமன்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் எனக்கு உடுத்திக்கொள்ளச் சொல்லித்தந்த தெரபிஸ்ட் அக்காவை விட முடியாது. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கிவைத்து 1966இல் திறந்த இடம் அது. யாராவது உடுத்திவிடட்டும் என்று நான் சோம்பிக் கிடந்த நாட்களில், உனக்குத் தோதான துணியை நீ கேட்டுத் தைத்துக்கொள், துணிக்காக நீ வளையாதே என்று அந்த அக்காதான் திட்டினார்.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற சித்தி மகளுக்கும் ஒரு நன்றி. டொராண்டோவில் இஸி கமிலேரி என்ற வடிவமைப்பாளர், வீல்சேரில் இருந்த பார்பரா டர்ன்புல் என்ற பத்திரிகையாளர் கேட்டதற்காகத் தைக்க ஆரம்பித்து, அதையே தொழிலாக்கியவர். 2014இல் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளைக் கண்காட்சியாகவே வைத்தார்கள். அந்தப் படங்களை அவள்தான் தேடி அனுப்பினாள். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதுல என்ன இருக்கு, உக்காந்த ஆளுக்கு உக்காந்த வெட்டு” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அங்கே இருந்து வரவழைத்தால் என்ன விலை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மாஸ்டரிடம் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விலை கேட்டவர்களுக்கு: கோட்டு, கவுன், இரண்டு பேண்ட், துணி, லைனிங், ஜிப், கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். துணிக்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, காகித வெட்டு வரைகிற நேரத்துக்குத்தான் கூலி ஏறுகிறது. அந்தக் காகிதம் என் பெயர் எழுதி மாஸ்டர் அலமாரியில் இருப்பதால் அடுத்த கோட்டுக்கு மற்றவர்களுக்கு வாங்குகிற கூலிதான். என் தோழி வங்கியில் வேலை பார்க்கிறாள், உயரம் நாலடிக்கும் குறைவு, இத்தனை நாளும் சிறுவர் பிரிவில் பூப்போட்ட பட்டன் சட்டையைத்தான் தேடி வாங்கிக்கொண்டிருந்தாள், அதுவும் மார்பில் பிடிக்கும். பெரியவர்கள் சட்டையைக் குட்டையாக்கினால் சட்டையில் முழங்கைக்கென்று வைத்த இடத்தில் அவள் மணிக்கட்டு வரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குள்ளத்தன்மையும் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் மொத்தம் 4 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. வேலை கிடைத்துவிடுகிறது, போட்டுக்கொண்டு போகச் சட்டை கிடைப்பதில்லை. அவளுக்கும் மாஸ்டர் தனிக் காகிதம் வெட்டிவிட்டார், இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை அவள் போடுகிற கோடு போட்ட சட்டைகளைப் பார்த்து எனக்கே பொறாமை.

மாஸ்டரிடம் போகிறவர்கள் எப்போதும் உட்காருகிற குஷனோடு, எப்போதும் போடுகிற செருப்போடு போங்கள், குஷன் மாறினால் அளவு மாறும். சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின மாதம் மட்டும் போகாதீர்கள், அழகர் வேடத்துக்குத் தைத்து முடிக்கும் வரை அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். எனக்கு ஒரு வெள்ளை குர்தா கோடைக்கு முன்னால் வேண்டும், அக்கா, நீங்கள்தான் நடுவில் புகுந்து முன்னால் எடுத்துப் போடச் சொல்ல வேண்டும். கவுனுக்கு வைத்த பாக்கி 400 ரூபாயை அதோடு சேர்த்துத் தந்துவிடுகிறேன்.