செயலாளரின் ஆண்டறிக்கை: ஏதென்ஸோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நம் வாசகர் வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று நுனிப்புல் மேய்வதை விட்டு, ஆண்டு முழுவதும் ஒரே காலத்தை ஊன்றிப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். கி.மு. 431 முதல் 404 வரை, 27 ஆண்டுகள், பண்டைய கிரேக்க நகர அரசுகளான ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய போரையும், அந்தப் போருக்குள் வாழ்ந்த மனிதர்களையும் எடுத்துக்கொண்டோம். மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலை கூடினோம். கார்த்திகைக் கூட்டம் மழையால் நடக்கவில்லை; அதற்கு ஈடாக மார்கழியில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

துசிடிடீஸ் எழுதிய வரலாறுதான் நமக்கு மூலநூல். முறை வைத்து ஒருவர் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து வந்து தமிழில் சொல்வார், மற்றவர்கள் குறுக்கே கேட்பார்கள். இவர் வெறும் நூலாசிரியர் அல்ல. ஏதென்ஸின் தளபதிகளில் ஒருவர். கி.மு. 424இல் ஆம்பிபொலிஸ் நகரம் ஸ்பார்ட்டாவின் தளபதி பிராசிடாஸ் கையில் விழுவதற்குள் இவரால் போய்ச்சேர முடியவில்லை. அதற்காக 20 ஆண்டுகள் நாட்டைவிட்டு வெளியே இருந்தார். இரு தரப்பிலும் விசாரித்து எழுதும் வாய்ப்பு அதனால்தான் கிடைத்தது என்று அவரே சொல்கிறார். தன் தோல்வியை வேறு யாருக்கோ நேர்ந்ததுபோல் எழுதிவிட்டு நகர்கிறார்; தனக்காக ஒரு வரிகூட வாதாடவில்லை. அந்தப் பக்கத்தில்தான் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. நூல் கி.மு. 411ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு பாதியில் நின்றுவிடுகிறது. மீதிக் கதைக்கு இன்னொரு ஏதென்ஸ் வரலாற்றாசிரியரான செனபோனிடம் போனோம்.

முதல் இரண்டு கூட்டங்கள் போர் தொடங்கியபோது ஏதென்ஸின் தலைவராக இருந்த பெரிக்கிளீஸைப் பற்றியவை. தரைப்போரில் ஸ்பார்ட்டாவை வெல்ல முடியாது என்று கணக்குப் போட்டு, நாட்டுப்புற மக்களை எல்லாம் மதிலுக்குள் வரச்சொன்னார் அவர். கடல் ஏதென்ஸின் கையில் இருந்தது. பிரேயஸ் துறைமுகம்வரை நீண்ட மதில் இருந்ததால் தானியம் வருவதற்குத் தடையில்லை. ஆனால் இடமில்லாமல் கோயில்களிலும் குடிசைகளிலும் மக்கள் அடைந்து கிடந்தார்கள். கி.மு. 430இல் கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த ஆண்டு பெரிக்கிளீஸும் போய்விட்டார். துசிடிடீஸுக்கும் அந்த நோய் கண்டு பிழைத்தது. நோயாளியைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களே அதிகமாகச் செத்தார்கள் என்று அவர் எழுதியதை வாசித்தபோது கூடத்தில் யாரும் பேசவில்லை. கொரோனாவில் உறவுகளை இழந்தவர்கள் நம் வட்டத்தில் இருக்கிறார்கள்.

மிட்டிலீன் பற்றிய கூட்டத்தைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். லெஸ்போஸ் தீவில் உள்ள மிட்டிலீன், ஏதென்ஸை எதிர்த்துக் கிளர்ந்து, கி.மு. 427இல் சரணடைந்தது. மக்கள் சபை கொதித்துப்போய், அந்த ஊரின் ஆண்களை எல்லாம் கொன்றுவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவெடுத்தது. அன்றே ஆணையோடு ஒரு போர்க்கப்பல் கிளம்பியது. மறுநாள் காலையில் ஊருக்கே மனசு கேட்கவில்லை. சபை மறுபடி கூடியது. முடிவை மாற்றக் கூடாது என்று அரசியல் தலைவர் கிளியோன் முழங்கினார். டயோடோட்டஸ் எழுந்து, இரக்கத்தின் பேரைச் சொல்லாமல், எல்லோரையும் கொல்வதால் ஏதென்ஸுக்கு என்ன லாபம் என்று மட்டும் கேட்டார். கைதூக்கி எண்ணியதில் கிட்டத்தட்டச் சரிபாதி. டயோடோட்டஸ் பக்கம் இம்மியளவு கூடுதல்.

முதல் கப்பல் ஒரு பகலும் இரவும் முந்திப் போயிருந்தது. 300 கிலோமீட்டருக்கும் மேலான கடல்வழி. இரண்டாவது கப்பல் பின்னாலேயே பறந்தது. துடுப்பு வலித்தவர்கள் திராட்சை மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவை வலித்துக்கொண்டே தின்றார்கள், முறைபோட்டுத் தூங்கினார்கள். அந்த மாவையும் மதுவையும் கொடுத்தவர்கள் ஏதென்ஸில் இருந்த மிட்டிலீன் தூதர்கள். இதை வாசித்தபோது, வாலிபத்தில் கட்டுமரத்தில் போன நம் மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார்: "தம்பி, வலிக்கிறவன் கைய நிறுத்துனா படகு ஓட்டம் செத்துரும். மறுபடி ஓட்டத்தைப் பிடிக்கிறது பெரும்பாடு. அதான் நிறுத்தாமத் தின்னுருக்கானுவ." சொல்லிக்கொண்டே ஒரு கையால் துடுப்பைப் பிடித்து, மறுகையால் மாவை வாயில் போடுவதுபோல் காட்டினார். அந்தக் கையை எங்களால் மறக்க முடியாது. ஏதென்ஸ் தளபதி பாக்கெஸ் ஆணையை வாசித்து, நிறைவேற்றப் போகும் தறுவாயில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. ஊர் பிழைத்தது. ஆனாலும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்கள் என்று 1,000 பேருக்குச் சற்று அதிகமானோர் கொல்லப்பட்டதாகத் துசிடிடீஸின் நூலில் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் பதிவு முழுமையாகாது.

பதினோரு ஆண்டு கழித்து, கி.மு. 416இல், மீலோஸ் என்ற சிறு தீவின் முறை வந்தது. வலியவன் செய்ய முடிந்ததைச் செய்கிறான், எளியவன் பட வேண்டியதைப் படுகிறான் என்று ஏதென்ஸ் தூதர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். முற்றுகை முடிந்ததும் ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள், 500 குடியேறிகளை அனுப்பித் தீவை எடுத்துக்கொண்டார்கள். அங்கே இரண்டாவது கப்பல் போகவில்லை.

சிசிலிப் படையெடுப்புக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. வேண்டாம் என்று சொன்ன நிசியாஸையே தளபதிகளில் ஒருவராக அனுப்பினார்கள். உடன்படாதவர்கள், தேசத்துரோகி என்று பெயர் வாங்கப் பயந்து கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்கிறார் துசிடிடீஸ். கி.மு. 413இல் ஏதென்ஸ் படை தோற்று எல்லாம் முடிந்தது. சிசிலியின் சிரக்யூஸ் நகரில் கல் வெட்டி எடுத்த குழிகளில் குறைந்தது 7,000 கைதிகளை அடைத்தார்கள். மேலே கூரை இல்லை. எட்டு மாதத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கோட்டிலி தண்ணீர், இரண்டு கோட்டிலி தானியம். ஒரு கோட்டிலி என்பது கால் லிட்டரைச் சற்றே தாண்டும். உறுப்பினர் ஒருவர் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து, அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். சித்திரை மாதம், மின்விசிறி ஓடியும் வியர்த்தது. கூட்டம் முடியும்வரை அந்த டம்ளரை யாரும் தொடவில்லை.

ஓட்டு யாருக்கு இருந்தது என்ற கேள்வியை நம் பெண் உறுப்பினர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் விடாமல் எழுப்பினார்கள். பெண்களுக்கு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, வெளியூரிலிருந்து வந்து தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கும் இல்லை. கப்பல் கட்ட வெள்ளி கொடுத்த லாரியம் சுரங்கத்தில் உழைத்தவர்கள் அடிமைகள். ஏதென்ஸை மக்களாட்சி என்று சொல்லும்போதெல்லாம் இதைச் சேர்த்தே சொல்வது என்று வட்டம் ஏற்றுக்கொண்டது.

சாக்ரடீஸை எல்லோரும் நஞ்சுக் கோப்பையில் தொடங்குவார்கள். நாம் கி.மு. 406இல் தொடங்கினோம். ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலால், மூழ்கிய கப்பல்களில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. கோபத்தில் எட்டுத் தளபதிகளையும் ஒரே ஓட்டில் சேர்த்துத் தண்டிக்கச் சபை துடித்தது. அது சட்டத்துக்கு விரோதம். அன்று சபையை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களில் சாக்ரடீஸ் மட்டும் மறுத்தார், மிரட்டலுக்கு மசியவில்லை. அவர் மறுப்பு எடுபடவில்லை. ஊரில் இருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். அதில் ஒருவர் பெரிக்கிளீஸின் மகன். கொஞ்ச நாளில் ஏதென்ஸ்காரர்கள் வருந்தினார்கள் என்று செனபோன் எழுதுகிறார். போரில் தோற்றபின் வந்த முப்பதின்மர் ஆட்சி, சலாமிஸ்காரர் லியோனைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொன்னபோதும் சாக்ரடீஸ் போகாமல் வீட்டுக்கு நடந்தார். மீண்டு வந்த மக்களாட்சிதான் கி.மு. 399இல் அவருக்கு மரணதண்டனை கொடுத்தது. என் கருத்தில் இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காதவருக்கு அவர் யார் என்று தெரியாது.

ஆவணியில் நடந்த ஒன்றைப் பொதுக்குழுவிடம் மறைக்கக் கூடாது. அலமாரியில் இடமில்லை என்று, பழைய இதழ்க் கட்டுகளை எடைக்குப் போட ஒரே அமர்வில் முடிவெடுத்து, மறுநாளே போட்டுவிட்டோம். அவற்றுள் மூத்த உறுப்பினர் ஒருவர் நாற்பது ஆண்டாகச் சேர்த்துக் கொடுத்த இதழ்களும் இருந்தன. விவரம் தெரிந்து கடைக்கு ஓடியபோது லாரி போய்விட்டது. கையெழுத்துப் போட்டவன் நான். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்கிறேன்.

வரும் ஆண்டு பிளேட்டோவைப் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. வெ. சாமிநாத சர்மா அவரைத் தமிழில் தந்திருப்பதால் இம்முறை எல்லோரும் நேராகவே படிக்கலாம்.

விதித் திருத்தம் ஒன்றை முன்மொழிகிறேன். வட்டத்தின் பொருளை அகற்றுவது, உறுப்பினரை நீக்குவது ஆகிய தீர்மானங்கள் நிறைவேறினாலும், அடுத்த கூட்டத்தில் மறுபடி ஓட்டுக்கு விட்டு உறுதியான பிறகே செயல்படுத்த வேண்டும். இதன் வாசகம் சுற்றறிக்கையோடு இணைக்கப்பட்டுள்ளது. அறிக்கையை ஏற்றுக்கொண்டபின் இதை ஓட்டுக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்