அப்பாவின் கிளப் பற்றி உனக்கு

அன்பு மகள் நிலாவுக்கு,

அப்பா எல்லா வார இறுதியும் கிளப்பிலேயே கிடக்கிறாரே, பீர் குடித்து போல்கா ஆடத்தான் இவ்வளவு பாடா என்று போனில் கேட்டாய். அவருக்கு இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல வராது. மருமகளாக வந்து, அப்பாவின் அம்மாவான உன் ஓமாவிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் அப்பா வழி முன்னோர் ஹங்கேரி ராஜ்ஜியத்தில் குடியேறிய ஜெர்மானியர்கள். துருக்கியரிடமிருந்து அதன் தெற்கே இருந்த பானாத் பகுதி 1718இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் கைக்கு வந்தபோது, அங்கே பல ஊர்களில் ஆளே இல்லை. நிலம் தருகிறோம் என்று சொல்லி, அந்த நூற்றாண்டில் மூன்று பெரிய அலைகளாக ஜனங்களைக் கூட்டிப்போனார்கள், நிறையப் பேர் ஜெர்மனியின் உல்ம் நகரில் மரப்படகு ஏறி டான்யூப் ஆற்று வழியாகவே போனார்கள். போன இடமோ சதுப்பு, காய்ச்சல். முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாவதுக்கு வறுமை, மூன்றாவதுக்குத்தான் ரொட்டி என்று ஓமா அடிக்கடி சொல்வார், அது அவர்கள் ஊர்ச் சொலவடை.

1900 வாக்கில் நிலமில்லாதவர்கள் அமெரிக்காவில் பிலடெல்பியா, நியூயார்க், கிளீவ்லாந்து என்று வேலை தேடி வந்தார்கள். அவர்கள் தொடங்கிய, அப்பாவின் கிளப் மாதிரி சங்கங்கள் பலவற்றுக்கு அப்போது முதல் வேலை ஆட்டம் பாட்டம் இல்லை. மாதாமாதம் சந்தா கட்டுவார்கள், ஒருவர் நோயில் படுத்தால் அதிலிருந்து வீட்டுச் செலவுக்குப் போகும், இறந்தால் அடக்கச் செலவுக்கு. வயதானவர்களுக்கு அரசாங்கம் பணம் தரும் சோஷியல் செக்யூரிட்டி சட்டமே 1935இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார். பாட்டுக்குழு, கால்பந்து எல்லாம் கூடவே வளர்ந்தன. நியூயார்க்கின் ஜெர்மன் ஹங்கேரியன் அணி 1951இல் அமெரிக்காவின் ஓப்பன் கோப்பை, அமெச்சூர் கோப்பை இரண்டையும் ஒரே வருடத்தில் ஜெயித்தது, அப்பாவிடம் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவார்.

ஓமா வந்தது அதற்கப்புறம். முதல் உலகப்போர் முடிந்து 1920இல் போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் ஊர்கள் ஹங்கேரி, ருமேனியா, யூகோஸ்லாவியா என்று மூன்றாகப் பிரிந்தன. இரண்டாம் உலகப்போரில் அவர்களில் நிறையப் பேர் ஹிட்லர் பக்கம் சாய்ந்தார்கள், அவனுடைய எஸ்.எஸ். படையிலும் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது, நீயும் மறைக்காதே. ஆனால் அதற்கான தண்டனை குழந்தைகள் மேலும் கிழவிகள் மேலும் சேர்த்துத்தான் விழுந்தது. யூகோஸ்லாவியாவில் அடைத்து வைத்த முகாம்கள், 1945 ஜனவரியில் சோவியத் சுரங்கங்களுக்குக் கட்டாய வேலைக்கு ஆள் ஏற்றியது, அடுத்த ஜனவரியில் ஹங்கேரியில் புடாவோர்ஷ் என்ற ஊரிலிருந்து தொடங்கிய வெளியேற்றம். அமெரிக்கா அகதிகள் சட்டத்தை 1950இல் திருத்திய பிறகு ஓமா மாதிரி ஆட்களுக்கு இங்கே வர வழி இன்னும் அகலமானது. திரும்பிப் போக ஊர் இல்லாதவர்களுக்குத் தங்கள் பேச்சு வழக்கில் நாலு வார்த்தை பேச இந்தக் கிளப்தான் இருந்தது.

நீ பார்க்கவேண்டியது கிர்வாய் திருவிழா. ஊர்த் தேவாலயத்தின் பிரதிஷ்டை நாளைக் கொண்டாடும் வழக்கம், இங்கே கோடை முடிந்ததும் நடத்துகிறார்கள். பெண் தன் ஜோடிப் பையனின் கறுப்புத் தொப்பியைக் காகிதப் பூவும் ரிப்பனும் வைத்து அலங்கரிக்க வேண்டும், தொப்பியே தெரியாத அளவுக்கு. போன வருடம் ஒரு பாட்டி சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரே பூவை மூன்று தடவை பிரித்துக் கட்டினார், ரிப்பன் முதுகுப் பக்கம் நேராகத் தொங்கவில்லையாம். கஞ்சி போட்டு மடிப்பெடுத்த உள்பாவாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, பாண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக ஊர்வலம். நடுவில் ரோஸ்மேரிக் கொத்து, அதை ஏலம் விடுவார்கள். குளிரில் பன்றி வெட்டி பாப்ரிகா போட்ட சாசேஜ் செய்வது, ஸ்ட்ரூடல் பலகாரத்துக்கு மாவை மேஜை விளிம்பு தாண்டும்வரை இழுப்பது, இதற்கெல்லாம் அப்பாதான் முன்னால் நிற்கிறார். பழைய ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள் நிலா, கைவேலை தெரிந்தவர்கள் குறைகிறார்கள், அதனால்தான் அவர் வீட்டில் இருப்பதில்லை.

இந்த வருட ஊர்வலத்தில் ஒரு பெண் குறைகிறதாம். உன்னைக் கேட்க அப்பாவுக்குக் கூச்சம், அதனால் நான் கேட்கிறேன். ஓமாவின் பாவாடைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன், உன் இடுப்பளவை மட்டும் அனுப்பு, பிரித்துத் தைக்க எனக்கு ஒரு மாதமாவது வேண்டும். வர முடியாது என்றாலும் சீக்கிரம் சொல்லிவிடு, வேறு பெண்ணைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா